பதினொன்றாம் கேள்வி

எழுபதுகளில், உளவியல் படித்து முடித்த கையோடு, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் தேர்வுத் தாள் திருத்தும் தற்காலிக வேலை கிடைத்தது. கிரேன் ஓட்டப் பழக்க இருபது பேரை எடுக்கப் பரீட்சை வைத்திருந்தார்கள். கப்பி, கயிறு, எடை என்று எல்லாம் படக் கேள்விகள். என் அண்ணனும் எழுதியிருந்தான். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்து அலுத்துப்போனவன். இந்த வேலையைத்தான் மலைபோல நம்பியிருந்தான். தாள்களில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

மேலதிகாரிக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று: மார்க்கைக் கூட்டு, முதல் இருபது பேரை எடு. எனக்கோ கல்லூரியில் கற்ற இன்னொரு முறையைச் செய்து பார்க்கக் கை பரபரத்தது. ஆளை மட்டுமல்ல, கேள்வியையும் சோதிக்கும் முறை அது. மார்க் அதிகம் வாங்கியவர்கள் ஒரு கட்டு, குறைவாக வாங்கியவர்கள் ஒரு கட்டு என்று தரையில் பரப்பி, கேள்வி கேள்வியாக ஒப்பிட்டேன். பதினொன்றாம் கேள்வியில் துள்ளி எழுந்துவிட்டேன். கெட்டிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பு, கடைசியில் நின்றவர்கள் சரி!

அது ஒரு பாய்மரப் படகின் படம். பிழை என்ன என்று கேள்வி. விடைக் குறிப்பில் 'துடுப்பு இல்லை' என்றிருந்தது. கெட்டிக்காரர்களோ 'கொடி' என்று எழுதியிருந்தார்கள். ஒன்றும் புரியாமல், கடலோர ஊரான ஆலந்தலையைச் சேர்ந்த எங்கள் பியூனிடம் படத்தை நீட்டினேன்.

"பாய் அங்கன உப்பியிருக்கு, கொடி இங்கன பறக்கு. ஒரே காத்து ரெண்டு பக்கமாவா அடிக்கும்? பாய் இருக்கப்ப துடுப்பு எதுக்கு? படம் போட்டவன் கடலையே பாத்ததில்ல போல!" என்று சிரித்தார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரியிடம் ஓடினேன். அவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சரிம்மா, கொடிக்கே மார்க் போடுங்க" என்றார். மறுபடி கூட்டியதில் இருபதாவதாக நின்ற எண் இறங்கியது. கொடி என்று எழுதிய ஒருவர் அந்த இடத்துக்கு ஏறினார். முத்தையாபுரம் பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதையைக் கொட்டினேன். அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிர்ந்தான்.

"ஏளா, நான் துடுப்புன்னுல்லா போட்டேன். இறங்குன நம்பர் என்ன?"

சொன்னேன். அவனுடையதுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கை கழுவிவிட்டு வந்து, அந்தப் படத்தை வரைந்து காட்டச் சொன்னான். வரைந்தேன். பாயையும் கொடியையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்காத நான் கிரேன்ல ஏறியிருந்தா, கீழ நிக்கவன் தலையிலல்லா சரக்கை எறக்கியிருப்பேன்" என்றான். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடை திறக்கப் போனான்.