படகுகள் கடலில் இருந்த நேரம்

அந்தப் படத்தில் கனகசெட்டிக்குளம் முழுவதும் இருந்தது. தென்னைகள், கோயில், வலைக்கூடம், மாடி வீடுகள், ஓலைக் கொட்டகைகள், கிழக்குக் கடற்கரைச் சாலை வரை எல்லாம். ட்ரோன் எடுத்த நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரே படம். சரிதா தன் மாடிக் கொடியில் தொங்கிய லுங்கியைக்கூட அதில் அடையாளம் கண்டாள். கரையில் மட்டும் ஒரு படகுகூட இல்லை.

பள்ளிக்கூட அறையில் படத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்த பொறியாளர், கரை நெடுக விரலை இழுத்தார்.

"கடல் அரிப்புக்கு இங்கதான் கல் கொட்டப் போறோம். நல்ல வேளையா இந்த இடம் காலியா இருக்கு. யாருக்கும் தொந்தரவு இல்ல."

ஊர்க்காரர்களுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். படகுக்காரர் மண்ணாங்கட்டியின் குரல்தான் மேலே கேட்டது.

"காலியா? அப்ப படக எங்க ஏத்தறது, உன் மாடியிலயா?"

படத்தில் இல்லாததை வைத்துத் தான் எப்படித் திட்டம் போடுவது என்று பொறியாளர் கேட்டார். ஆட்சேபனை இருந்தால் ஆதாரத்தோடு இந்த வாரத்துக்குள் தரச் சொன்னார். சரிதா பின்வரிசையில் உட்கார்ந்து கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ட்ரோனுக்கு நேரம் குறித்துக் கொடுத்தது அவள்.

பன்னிரண்டாவது முடித்து, மீனவன் பாவாடைக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு ஆராய்ச்சிக்காரர்களோடுதான் வேலை. அவர்கள் வந்தால் ஊருக்குள் கூட்டிப் போக வேண்டும், ஆட்களைப் பேச வைக்க வேண்டும், மோர் வாங்கித் தர வேண்டும். மீன் காதுக்குள் இருக்கும் கல்லை எடுத்து அதன் வயதைச் சொன்னவர் ஒருவர். பெண்களின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து ரத்தம் போதாது என்று எழுதிக்கொண்டு போனவர் ஒருவர். காற்றுக்கு இந்த ஊரில் எத்தனை பெயர் என்று கேட்டு ஒரு மாதம் ஒலிப்பதிவு செய்த பெண் ஒருத்தி. மீன்காரர் மீனைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ரத்தம் பார்த்தவருக்கு அந்தப் பெண்கள் எத்தனை மணிக்கு மீன் ஏலத்துக்கு எழுந்து போகிறார்கள் என்று தெரியாது. அவர்கள் எல்லாரோடும் நடந்தவள் சரிதா. ஊரை முழுசாகப் பார்த்தவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

ட்ரோனோடு மணலை அளக்க வந்த இனியா, "மறைப்பில்லாம கரை முழுசும் தெரியணும்க்கா, எப்ப வரலாம்?" என்று கேட்டபோது, "விடிஞ்சதும் வாங்க. எல்லாம் கடலுக்குப் போயிருக்கும். காத்தும் இருக்காது" என்று சொன்னாள். மணலுக்கு அது சரியான பதில்தான்.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புதுச்சேரி லாஸ்பேட்டைக்குப் போனாள். இனியாவின் அலுவலகம் ஒரு வீட்டின் மேல்மாடி. இனியாவுக்கும் தூக்கமில்லை என்று முகம் சொன்னது.

"எஞ்சினியருக்கு அந்தப் படத்த மணல் கணக்குக்குத்தான்க்கா குடுத்தேன். அவங்க இப்டி எடுத்துக்குவாங்கன்னு நெனைக்கல."

"இன்னொரு வாட்டி பறக்க வுடுங்க. படகெல்லாம் கரைல இருக்கறப்ப."

"வியாழக்கிழமை ஒரு நாளைக்குத்தான் அனுமதி கெடைக்கும். அதுவும் காலைல எட்டு மணி வரைக்கும். அப்புறம் காத்து தூக்கிடும். எட்டுக்குள்ள எல்லாப் படகும் திரும்பிடுமா? கேட்டுச் சொல்லுங்களேன்."

கடலுக்குப் போகிறவனை எப்போது வருவாய் என்று கேட்பது அந்தக் கரையில் வழக்கமில்லை. கேட்டால் அன்றைக்குப் படகு இறங்காது. அபசகுனம். இத்தனை வருடத்தில் எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பாவாடையிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் போவாத இரேன். எல்லாரையும் நிறுத்தி வையேன்."

"மத்தி ஓடிக்கினு இருக்குது. போட்டோவுக்குப் போஸ் குடுக்க வூட்ல குந்திக்கச் சொல்றியா?" என்றான் அவன். "சண்டைய ஆபீஸ்ல போட்டுக்கலாம். ஊரே வருது."

மாமியார் சின்னப்பொண்ணு முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "ஊர வானத்துல ஏத்திக் காட்டுனவதானே நீ. இப்ப இறக்கு, பார்ப்போம்."

விடிவதற்கு முன்பே சரிதா கரைக்குப் போய்விட்டாள். நிற்க முடியவில்லை. படகுகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள். பாவாடையும் கூட்டாளிகளும் ஐஸ் பெட்டியை ஏற்றிவிட்டுத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டது. இனி எட்டு மணிக்குள் இனியா எடுக்கப் போவதும் பழைய படம்தான். கல் வந்து விழுந்தபின் படகை ஏற்றக் கரை இருக்காது.

"எப்ப வருவ?" என்றாள்.

தள்ளியவர்கள் அப்படியே நின்றார்கள். பாவாடை திரும்பினான்.

"இன்னா கேட்ட?"

"எப்ப வருவன்னு கேட்டேன்."

அவன் அடிப்பான் என்றே நினைத்தாள். அவன் அவளைப் பார்த்தான். படகைப் பார்த்தான். பிறகு ஐஸ் பெட்டியை இறக்கி மணலில் வைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தான். "இழுங்கடா மேல" என்றான் கூட்டாளிகளிடம். "பைத்தியம் புடிச்சவ."

படகு மேலே ஏறியது. அது ஏறுவதைப் பார்த்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது சரிதாவுக்கு முழுசாக விளங்கியது. பக்கத்துப் படகுக்கு நடந்தாள்.

"கோவிந்தசாமி மாமா, எப்ப வருவீங்க?"

"ஏய், வாய மூடுடி!"

அடுத்தது. அதற்கடுத்தது. "எப்ப வருவீங்க? அண்ணே, எப்ப வருவீங்க?" ஒருவன் துடுப்பை ஓங்கினான். மண்ணாங்கட்டி மணலை வாரி அவள்மேல் இறைத்தான். அவளுக்குப் பின்னால் வசவுகள் நீண்டுகொண்டே வந்தன. ஆனால் எஞ்சின் சத்தம் எதுவும் எழவில்லை. கிழக்கே வெளுத்துவிட்டது. சாலையிலிருந்து இனியா ட்ரோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது.

வடகோடியில் ஒரு படகு இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டது. ஒருவன் எஞ்சின் கயிற்றைச் சுண்டிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் வேகமாகச் சுண்டினான். சரிதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அலை முட்டிக்கு ஏறியது. வாயில் உப்புத் தண்ணீர் போயிற்று. துப்பிவிட்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கேட்டாள்.