நின்றவர்களைத் தேடுகிறவர்

கள்ளக்குறிச்சியில் ஒரு மாத்திரை ஆராய்ச்சிக்காகக் கல்வராயன் மலையிலிருந்து ரத்த மாதிரி கொண்டு வரும் வேலையில் கொஞ்ச நாள் இருந்தேன்; அதற்கு முன் பல வேலைகளைப் பாதியில் விட்டு வந்ததை அங்கே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிறவர் ஒல்லியான மனிதர், நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார். மாத்திரையை நிறுத்தி ஆராய்ச்சியிலிருந்து பாதியில் நின்றவர்களுக்குக் காரணம் தெரியும்வரை போன் போடுவார்.

அப்படி நின்ற ஒரு மலைக்காரரைப் பற்றி, "அவரு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிட்டாருன்னு வூட்ல சொல்றாங்க சார், அதையே போட்டுடுங்க" என்றேன்.

"மாத்திரை ஒத்துக்காம நின்னிருந்தா? மத்தவங்களும் அதத்தான சாப்ட்டுக்கினு இருக்காங்க?"

மறுநாள் அந்த ஆள் போனை எடுத்தார். மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறதாம், மரம் ஏற முடியவில்லை என்று நிறுத்திவிட்டாராம். அதை டாக்டரிடம் ஓடிச் சொல்லிவிட்டு வந்த கம்ப்யூட்டர்காரர் என்னைப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்குப்பா எந்த வேலைலயும் நிக்க மாட்ற?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். நான் விட்டு வந்த இடங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கே காரணம் தெரியவில்லை.