மலையடிவாரத்தில் நான் விட்டுச்சென்ற மனிதர்

என்னை நம்பி வந்த ஒருவரை மலையடிவாரத்தில் பொய் சொல்லி விட்டுவிட்டுப் போனவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் பிற்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். மலைநாட்டிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளைக் கப்பலுக்கு ஏற்றும் தொழிலாளர்களில் ஒருவர் கிண்ணியா ஊர் முஸ்லிம். என்னைவிட மிகவும் மூத்தவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். நாங்கள் நான்கு கந்தோர் நண்பர்கள் சிவனொளிபாதமலை ஏறப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்.

"உங்களுக்கு அது சிவன்ட பாதம். எங்களுக்கு பாவா ஆதம் மலை. என்ட வாப்பா ஏறின மலை. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி."

முழங்காலில் பழைய அடி இருந்ததால் காலை இழுத்துத்தான் நடப்பார். "ஏலுமோ நானா?" என்றேன்.

"பெட்டியோட கப்பல் பலகையில ஏறுறவனுக்கு வெறுங்கையோட படியில ஏற ஏலாதோ?"

போகும் வழியில் கண்டியில் ஒரு பகல் தங்கினோம். இளவயதில் அங்குள்ள சந்தைக்குக் கருவாடு கொண்டுபோனவர் என்பதால், நகரம் அவருக்குப் பழக்கம். எங்களுக்கு முன்னால் நடந்து, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, குளக்கரை, பழைய தெருக்கள் எல்லாவற்றையும் காட்டினார். "இந்த மதிலைப் பாருங்கோ. ராசா கட்டி முடிக்க முன்னம் வெள்ளைக்காரன் பிடிச்சிட்டான். அதுதான் பாதியில நிக்குது. உங்கட கந்தோர் வேலை மாதிரி!" சந்துக்குள் இருந்த ஒரு ரொட்டிக்கடை முதலாளி அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். அன்று வயிறு நோகச் சிரித்தோம்.

மறுநாள் மாலை அடிவாரத்தை அடைந்ததும் நண்பர்கள் என் காதில் முணுமுணுத்தார்கள். இவரோடு போனால் சூரியோதயம் தப்பிவிடும் என்றார்கள். பயணத்துக்குத் தலைவன் நான்.

"நானா, பைகளோட மேல விடமாட்டினமாம். நீங்கள் இந்தத் தேத்தண்ணிக் கடையில இதுகளைப் பாத்துக்கொண்டிருங்கோ. எங்களில ரெண்டு பேர் கெதியா இறங்கி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவினம்."

அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. இறங்கிவந்து கூட்டிப்போகும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. அவர் தலையாட்டினார்.

சூரியோதயத்தைப் பார்த்தோம். மலையின் நிழல் கூம்பாக மூடுபனிமேல் விழுந்ததையும் பார்த்தோம். இறங்கி வந்தபோது முற்பகலாகிவிட்டது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, பைகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்கென்று மடித்துக் கட்டிய சாரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை.

"பஸ் போயிடும் நானா, இனி ஏற நேரமில்லை" என்றேன்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பையோட எத்தனையோ பேரு மேல போறாங்க. இவர மட்டும் ஏங்க இருக்க வச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பைகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் காலடியில் வைத்தார்.

மீண்டும் கண்டி. அதே குளம், அதே மதில். இம்முறை அவர் எங்களுக்குப் பின்னால் வந்தார். ரொட்டிக்கடைக்கு எது வழி என்று கேட்டேன். "நேர போங்கோ ஐயா" என்றார். ஒரே இரவில் தம்பி ஐயாவாகிவிட்டேன். மலை எப்படி என்று கடை முதலாளி விசாரித்தபோது, "இவையள் ஏறினவை, நான் கீழ நிண்டனான்" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பியபின் பல நாள் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது. கடைசியில் ஒரு மதியம், தொழிலாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"கந்தோர்க்காரர் பொய்யையும் கையெழுத்து வைச்சுத்தான் சொல்லுவினம் எண்டு நினைச்சன்!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை.

"கதை போதும். அடுத்த மலைப் பருவத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களோ, மாட்டீங்களோ?"

போனோம், நாங்கள் இருவர் மட்டும். அவருடைய பையையும் நானே தோளில் மாட்டிக்கொண்டேன். "ஏன் ஐயா, இந்தமுறை காவலுக்கு ஆள் இல்லையோ?" என்று குத்தினார். வாங்கிக்கொண்டேன்.

விடிந்தபிறகு ஏறத் தொடங்கினோம். தங்குமிடம் ஒவ்வொன்றிலும் இருந்து இருந்து ஏறினோம். இறங்கி வந்த சிங்கள யாத்திரிகர்கள் வழிவிட்டு வாழ்த்தினார்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும் செங்குத்தான இடத்தில், இரும்புக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். "ஏலாது தம்பி. நீங்கள் போயிட்டு வாங்கோ."

"எனக்கு ஒரு அவசரமும் இல்லை நானா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து அவரே என் தோளைப் பிடித்து எழுந்தார்.

வெயில் சாயும் நேரம் உச்சியில் நின்றோம். அங்கே ஒரு மணி இருக்கிறது. எத்தனை முறை மலை ஏறினோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். அவர் ஒருமுறை அடித்து, "வாப்பா!" என்று கத்தினார். கண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு ரெண்டு."

நான் ஒன்று அடித்துவிட்டுக் கயிற்றை விட்டேன். "போன முறை ஏறினதைச் சேர்க்க ஏலாது நானா."

அவர் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"நான் பை காத்தபடியால்தானே நீங்கள் ஏறினீங்கள்? அப்ப அதில எனக்கும் பங்கிருக்கு. அதை நான் அடிக்கிறன்."

தேயிலைப் பெட்டி தூக்கிய கையால் ஓங்கி அடித்தார். நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மன்னிப்பை மற்றவர்கள் வாய்ச்சொல்லாகப் பெற்றிருக்கலாம். எனக்கு அது ஒரு மலையே கேட்கும்படி கிடைத்தது. அதற்குத் தகுந்தவனாக இருக்கவேண்டுமே என்ற நினைப்புத்தான் இந்த வயதுவரை என்னை நடத்தி வருகிறது.