என் விளக்கில் ஏழாம் நம்பர்

வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி மாதத்தில், ஜட்கா வண்டிகளுக்குச் சோதனை நடக்கும். பாளையங்கோட்டைக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ரயிலடிக்கும் நடுவே ஓடுகிற வண்டிகள் அத்தனையும் வண்ணார்பேட்டைப் பக்கத்து மைதானத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தேறிய வண்டி அடுத்த பங்குனி வரை ஓடலாம். தேறாத வண்டியின் நம்பர் தகட்டை அங்கேயே கழற்றி எடுத்துக்கொள்வார்கள். தகடு இல்லாத வண்டியை ரயிலடிக்குள் விடமாட்டார்கள். ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு ஒரு வருஷம் முன்பு நடந்த சோதனையைப் பற்றி ஊரில் இன்றும் என்னைத் திட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் புருஷன் சொந்தமாக ஜட்கா ஓட்டியவர். காய்ச்சலில் அவர் போனபோது எனக்கு முப்பது வயது, பிள்ளை கிடையாது. அவர் விட்டுப்போனது ஒரு பழைய வண்டியும் ஒரு பெண்குதிரையும்தான். அம்பாசமுத்திரத்தில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாராவது வந்தால் நான் உள்ளே போய்விட வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தவள், கழுவின பாத்திரத்தையே அண்ணன் மனைவி மைனிக்காக இன்னொரு தடவை கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பொறுத்தேன். நாலாம் மாதம் ரயிலேறித் திரும்பி வந்து, மேலப்பாளையத்துக்காரர் ஒருவரை ஓட்டுவதற்கு வைத்து, வண்டியைத் தெருவில் இறக்கிவிட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

பொம்பளை வண்டிக்கு ஜட்காக்கள் நிற்கிற பேட்டையில் சவாரி முறை கிடையாது என்று மற்ற வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அப்போது எனக்காகப் பேசியவர் ஏழாம் நம்பர் வண்டிக்காரர். பேட்டைக்கு அவர்தான் தலைவர். "செத்தவன் முறைய அவன் பொண்டாட்டிக்குக் குடுக்காம வேற யாருக்கு வே குடுக்க?" என்று ஒரே அதட்டில் முடித்துவிட்டார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறந்தேன் என்று சொல்கிறவர்கள் மேற்கொண்டு படிக்கட்டும்.

இரண்டு வருஷம் வண்டி ஓடியது. மூன்றாம் வருஷம் மாசியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஓட்டை வண்டி இந்தத் தடவை தேறாது, தேறாவிட்டால் குதிரையை விற்றுவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும், சோதனை முடிந்த சனிக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில், 'தேறாவிட்டால் வருகிறேன்' என்று பதில் எழுதிப் போட்டும் விட்டேன்.

எந்த வண்டி ஏன் தேறாது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பங்குனி வெயிலில் மரம் சுருங்கும். ஆரக்கால் ஆடும், சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்று கடகடக்கும். அதற்குப் பேட்டையில் ஒரு வைத்தியம் உண்டு. சோதனைக்கு முந்தின நாள் சக்கரங்களைக் கழற்றி ஆற்றில் போட்டுவிடுவார்கள். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து மரம் ஊதிக்கொள்ளும், ஒரு நாளைக்கு எல்லாம் இறுகி நிற்கும். குதிரைத் தோளில் சேணம் உரசிய புண்ணுக்கு விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசுவார்கள். இத்தனையும் செய்தாலும் விளக்கு வேண்டும். கண்ணாடி உடையாத விளக்கு இரண்டு இல்லாமல் எந்த வண்டியும் தேறாது. பேட்டையில் அப்படிப்பட்ட ஜோடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் வண்டியுடையது.

என் புருஷன் காலத்திலிருந்தே வழக்கம் அது. சோதனை அன்று எங்கள் விளக்கு ஜோடி முதல் வண்டியில் ஏறும். அது தேறியதும் பின்பக்கமாகக் கைமாறி அடுத்த வண்டிக்குப் போகும். இப்படியே வரிசை முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் நிற்கும் எங்கள் வண்டிக்கு வந்து சேரும். அவர் போன பிறகு நானும் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அவர்கள் வாசலில் வந்து கேட்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. முறை இல்லை என்று சொன்ன வாய்கள் அல்லவா அவை.

அந்த வருஷம் சோதனைக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சென்னைப் பக்கத்து மனிதர். கையில் சிவப்புச் சாயம் ஒரு டப்பி. தேறிய வண்டியின் விளக்கு, சேணம், ஏர்க்கால் எல்லாவற்றிலும் அந்த வண்டியின் நம்பரைச் சாயத்தால் எழுதிக்கொண்டே போனார். இது யாருக்கும் முன்னால் தெரியாது. முதலில் நின்றது ஏழாம் நம்பர். வண்டி தேறியது. என் விளக்குகளில் ஏழு என்று எழுதிவிட்டார்.

அடுத்த வண்டிக்காரர் மண்ணெண்ணெய் தொட்டு அதை அழிக்கப் பார்த்திருக்கிறார். சாயம் இழுவி விளக்கு முழுக்கச் சிவப்பானதுதான் மிச்சம், அடியில் ஏழு தெளிவாகவே நின்றது. அவர் தகடு போயிற்று. அதற்குப் பிறகு வந்தவர்கள் விளக்கே இல்லாமல் நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தகட்டைப் பறிகொடுத்தார்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

வழக்கமாக நான் மைதானத்துக்குப் போவதில்லை. அண்ணன் கடிதம் மனதை அறுத்ததால் அன்று போயிருந்தேன். என் வண்டியின் முறை வந்தது. அண்ணாச்சி விளக்குகளை மாட்டிவிட்டு விலகி நின்றார்.

இன்ஸ்பெக்டர் விளக்கைப் பார்த்தார். "இது ஏழாம் நம்பர் வண்டியோட விளக்கு. இரவல். தகட்டைக் கழட்டு" என்றார்.

"ஐயா, அது என்னோட விளக்கு" என்றேன்.

"அப்ப அந்த வண்டியில எப்படி இருந்தது?"

நான் ஏழாம் நம்பர்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு குதிரையின் பிடரி மயிரை விரலால் கோத ஆரம்பித்தார். அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, பேசாம இரு. நாளைக்கும் அந்தப் பேட்டையிலதான் நாம நிக்கணும்" என்றார். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் நான் காத்திருந்தேன். எனக்காக ஒரு காலத்தில் பேசிய மனிதர் இன்றும் ஒரு வார்த்தை பேசுவார் என்றுதான் காத்திருந்தேன். அவர் விரல் பிடரியிலேயே இருந்தது. அப்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஐயா, இந்த விளக்குக்கு அடிக்கால் சதுரம். என் வண்டியில அதுக்குன்னு சதுரமா இரும்புக் குழி இருக்கு. ஏழாம் நம்பர் வண்டியில இது எங்கன நிக்குதுன்னு மாட்டிக் காட்டச் சொல்லுங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் நடந்து போய்ப் பார்த்தார். விளக்கைக் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிறு அந்த வண்டியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தார்.

"அப்ப நீயும் இந்தக் கூத்துல கூட்டுதான்."

"ஆமா ஐயா. குடுத்தது என் தப்பு. அத எழுதிக்கிடுங்க. வாங்கினேன்னு மட்டும் எழுதாதீங்க."

என் வண்டியைச் சுற்றி வந்தார். "ரொம்பப் பழசு" என்றார்.

"வயசப் பாக்காதீங்க ஐயா. பழுது எங்கன இருக்குன்னு காட்டுங்க."

அதைக் கேட்டதும் அவருக்கும் வீம்பு பிடித்துவிட்டது. சக்கரத்தைக் காலால் எத்தினார், ஆரக்கால் ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டினார். முந்தின நாள் அண்ணாச்சி எங்கள் சக்கரத்தையும் ஆற்றில் போடக் கேட்டபோது, வேண்டாம் என்று நான் மறுத்திருந்தேன். தை மாதமே கொல்லரிடம் கொடுத்துப் பட்டை இறக்கிக் கட்டியாகிவிட்டது, நம் வண்டிக்கு ஆற்றுத் தண்ணீர் எதற்கு என்றேன். இன்ஸ்பெக்டர் தன் வெள்ளைக் கைக்குட்டையால் குதிரையின் தோளை அழுத்தித் துடைத்தார். புழுதியைத் தவிர அதில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு என்னையும் ஏறச் சொல்லித் தானும் ஏறிக்கொண்டு, ஆற்றுப் பாலத்தின் அந்தக் கோடிவரை ஓட்டச் சொன்னார். பாலத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. போய்த் திரும்பி வருகிற வரைக்கும் சக்கரங்களைத் தாங்கும் இருசு ஒரு முனகல்கூட முனகவில்லை.

விளக்கில் இருந்த ஏழு என்ற எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, என் நம்பரைப் பக்கத்தில் எழுதினார். பிறகு போய் ஏழாம் நம்பர் தகட்டைக் கழற்றினார். தகடு போனவர்கள் எல்லோரும் ஐந்து நாள் கழித்துச் சொந்த விளக்கோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏழாம் நம்பர்காரர் என்னிடம் வந்தார். "நீ சொல்லாம இருந்திருக்கலாம், தாயி."

"நீங்க சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் என் முறையை மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை. அவர் பேசாதது எனக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் என் வாசலுக்கு வந்து, "வயித்துல அடிச்சிட்டியேம்மா" என்று சத்தம் போட்டார்கள். மறு சோதனைக்கும் விளக்குக் கேட்டார்கள். கொடுக்கமாட்டேன் என்று கதவைச் சாத்தினேன். அந்த மறு சோதனையில் ஒரு வண்டிக்கு இருசு பாதிக்குமேல் விரிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். போன வருஷம் என் விளக்கின் புண்ணியத்தில் தேறிய வண்டி அது, பள்ளிக்கூடத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. யார் என்ன ஏசினாலும் நான் செய்ததற்கு எனக்கு வருத்தம் கிடையாது. அதுவரை கொடுத்துவந்தேனே, வருத்தம் அதற்குத்தான்.

அந்த ஐந்து நாளும் ரயிலடியில் நின்றது என் வண்டி ஒன்றுதான். சனிக்கிழமை அண்ணன் வந்தார். வாசலில் நின்றபடியே, "ஏட்டி, பெட்டியக் கட்டிட்டியா?" என்றார்.

"எதுக்கு அண்ணே?"

"எதுக்கா? ரயிலடியில வண்டியே இல்ல. அத்தனை பேரு தகட்டையும் புடுங்கிட்டாவளாம். எல்லாரும் வெயில்ல நடந்து போறாவ."

"நீங்க எதுல வந்தீக?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணனை ஏற்றி வந்த என் வண்டியின் தகடு வெயிலில் தெரிந்தது.

"உள்ள வாங்க, சாப்பிடுங்க" என்றேன். "மூணு மணிக்கு வண்டிய வாசலுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்க சாயங்கால ரயிலப் புடிச்சிரலாம்."