அது வேற ‘ய’

எங்கள் பக்கத்தில் ழ கிடையாது. வாழைப்பழத்தை வாயப்பயம் என்போம். கழனியைக் கயினி என்போம். உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர்கள் அத்தனையிலும் இதே பேச்சுதான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த எழுத்து எங்கள் வாயில் இல்லாததால்தான் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்த வீட்டில் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் சபை, ஜெபம் எல்லாம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. படித்த கொஞ்சமும் நடவுச் சேற்றில் போய்விட்டது. வேதத்தை நான் காதால் படித்தவள்.

எங்கள் காலனி ஜெபவீட்டுக்கு ஓலைக் கூரை. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வேதம் வாசிப்பார். வெளியாள் இல்லை, எங்கள் ஆள். மற்ற நாட்களில் எங்களோடு கழனியில் வரப்பு வெட்டுவார். வாசித்து முடித்ததும் தவறாமல் ஒன்று சொல்வார்.

“வசனத்த இங்கியே உட்டுட்டுப் போவாதீங்க. கயினிக்கு இட்டுக்கினு போங்க. சாய்ங்காலம் கால் கய்வும்போது உன்னையே கேட்டுக்கோ. இன்னிக்கு அது உங்கூட இருந்துச்சா, நீ அதுங்கூட இருந்தியான்னு.”

பலர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். நான் செய்தேன். செய் என்றால் செய்கிறவள் நான்.

ஒரு ஞாயிறு அவர் வாசித்தது என் காதில் இப்படி விழுந்தது. மனத்தாய்மையை உடுத்திக்கொள்ள வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணமாகி வெகு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வரை போய் வந்தாயிற்று. இங்கே வேதம் மனத்தாய்மை என்கிறது. மனசால் தாயாக இரு என்கிறது. அதையும் புடவை மாதிரி உடுத்திக்கொள் என்கிறது. அப்படியானால் வயிறு வேண்டாம். யாரும் கொடுக்கவும் வேண்டாம். காலையில் எழுந்து கட்டிக்கொண்டால் போதும்.

யாரிடமும் சொல்லவில்லை. வைத்துக்கொண்டேன்.

அது சம்பா நடவு. கூட நடுகிற பெண்கள் பாடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அந்த வார்த்தையை மனசுக்குள் ஓட்டுவேன். இடது கையில் நாற்று முடி, வலது கையால் பிரித்துப் பிரித்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வோம். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு மனத்தாய்மை. என் வரிசை வளைந்ததே இல்லை. வளைந்தது என்று யாரும் சொன்னதும் இல்லை.

சாயங்காலம் வாய்க்காலில் கால் கழுவும்போது என்னையே கேட்பேன். இன்றைக்கு யாருக்குத் தாயாக இருந்தாய்?

யாருக்கும் இல்லை. மறுநாளும் அதே பதில்தான். அதற்கு மறுநாளும் அதுதான். சேற்றைத் தேய்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. தண்ணீருக்குள் நம் மூஞ்சி தெரிகிறது.

எங்களுக்கும் கொழுந்தனுக்கும் ஒரே வாசல், நடுவில் ஒரு மண்சுவர். கொழுந்தன் பெண்டாட்டி சின்னப் பெண். தாயில்லாமல் வளர்ந்தவள். வாய் நீளம். அப்போது முழுகாமல் இருந்தாள். ஒரு காலை கிணற்றடியில் எல்லாரும் நிற்கும்போது சொன்னாள்.

“அக்கா, நீ முன்ன மொண்டுகினு போய்டு. காலங்காத்தால உன் மூஞ்சில முயிச்சா என் வயிறு இன்னாத்துக்கு ஆவறது?”

பெண்கள் சிரித்தார்கள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று வாய்க்காலில் கேள்விக்கு ஒரு முகம் வந்தது. அவள் முகம். நான் தாய் என்றால் இவளுக்கும்தானே? இவளைத் தள்ளிவிட்டு வேறு எவளுக்குத் தாய்? அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பதில் அதுதான்.

மறுநாள் என் வீட்டுக்கு மொண்ட பிறகு இன்னொரு குடம் மொண்டு அவள் வாசலில் வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் வைத்தேன். பிறகு விறகு. கூழ் காய்ச்சினால் ஒரு சட்டி. அவள் விடவில்லை.

“இன்னா அக்கா, மோட்சத்துக்கு டிக்கெட் எடுக்கிறியா?”

“தண்ணி கீது. எட்துக்கோ.”

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மே, அவ உன்ன ஊரு சிரிக்கப் பேசறா. நீ அவளுக்கு தண்ணி மொண்டுகினு கீற. இன்னா பேஜாரு இது?”

“வேதத்துல கீது.”

“இன்னா கீது? அவளுக்கு தண்ணி மொண்டு குடுன்னா?”

“அப்டித்தான்.”

“அப்ப எனக்கு வெந்நீ வெக்கச் சொல்லியும் எங்கியாச்சும் போட்டுகீதா கேளு.”

வெந்நீர் வைத்தேன். அதற்கு வசனம் தேவைப்படவில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், குழந்தையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். முந்தானையை இழுத்து மூடுவாள். பிள்ளை இல்லாதவள் கண் படக்கூடாது என்று. நான் தவலையை வைத்துவிட்டு வருவேன். குழந்தை அழுவது மண்சுவர் வழியாகக் கேட்கும். அழுகை தெரியும். முகம் தெரியாது. மழைக்காலம் முழுக்க அப்படியே போனது.

அது வலித்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. குடம் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. உடுத்தியதை அவிழ்ப்பதா?

அந்தச் சமயத்தில் ஜெபவீட்டில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தர ஆரம்பித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போவோம். சொல்லித்தந்தது உபதேசியார்தான். நான் ஒரு காரியத்துக்குத்தான் போனேன். என் வசனத்தை நானே படித்துப் பார்க்க வேண்டும்.

பலகையில் அவர் முதலில் எழுதிய வார்த்தைகளில் ஒன்று தாய். பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். தா, ய். இன்னொரு நாள் வேறு ஓர் எழுத்தை எழுதினார். கீழே வால் நீண்டிருந்தது.

“ஐயா, இது இன்னா எய்த்து?”

“ய.”

“அன்னிக்கு ஒண்ணு எய்தி அத்தயும் ‘ய’ன்னீங்களே?”

“அது சாதா ‘ய’. இது வேற ‘ய’.”

“ரெண்டும் ஒரே மாறிதான் கேக்குது.”

“எம் வாயில அப்டித்தான் வரும். நீ கண்ணால பாத்துக்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நல்ல மனிதர்.

பொங்கல் முடிந்ததும் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த வயதில் படித்த முதல் பெண்பிள்ளை நான். அவரிடம் கேட்டு வேதத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். விரலை வைத்துக்கொண்டு படித்தேன். ம, ன, த், தா. அடுத்து ய் வரவேண்டும். வரவில்லை. வால் எழுத்து நின்றது.

“ஐயா, இதுல தாய் இல்லியே.”

“தாய் ஏன் இருக்கணும்? இது தாய்மை. தாய்ந்து போறது. ஏரிக்குக் கீய, மேட்டுக் கயினி, தாய்ந்த கயினின்னு சொல்றோமே, அந்தத் தாய்வு. நான் பெரியவன்னு நிக்காம கீய எறங்கறது.”

“பெத்த தாய் இல்லியா?”

“இல்லம்மே. யாரு உனக்கு அப்டி சொன்னது?”

நீங்கள்தான் என்று சொல்லவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாப்பிடவில்லை. இருந்த ஒன்றும் போய்விட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் நான் கட்டியிருந்தது யாருடைய புடவை?

மறுநாள் நவரை நடவு. புது வார்த்தை மனசில் ஓடவில்லை. ஓட்டினால் பழையதுதான் வந்தது. சரி, வார்த்தை வராவிட்டால் கேள்வியையாவது கேட்போம் என்று நட்டுக்கொண்டே கேட்டேன். நீ கீழே இறங்கினாயா?

இறங்கினேனே, தினம் அவளுக்குத் தண்ணீர் சுமக்கிறேனே என்றேன். அது பதிலாக நிற்கவில்லை. சுமந்தவள் நான், வாங்கினவள் அவள். கொடுக்கிற கை மேலே இருந்தது. நான் யாரிடமும் ஒரு கை உப்புகூடக் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும். குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்த தலையோடு திரும்பி வருவேன். ஒரு நாளும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் மேட்டுக் கழனி.

அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. ஜெபத்தில் உபதேசியார் “தாய்மையாக் கேக்கறோம்” என்பார். தாயைப் போலக் கேட்பது என்று நினைத்திருந்தேன். அது இறங்கிக் கேட்பது.

சாயங்காலம் கால் கழுவினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே அவள் வாசலுக்குப் போனேன். கையில் ஒன்றும் இல்லை. அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முந்தானையை இழுத்தாள்.

“இன்னா அக்கா, கொடம் இல்லாம வந்துகீற?”

“ஒண்ணு கேக்க வந்தேன்.”

“நீயா? கேக்கவா?”

“புள்ளய ஒரு தபா குடு. மூஞ்ச பாத்துட்டுத் தரேன்.”

அவள் வாய் உடனே திறக்கவில்லை. அது புதுசு. பிறகு கொட்டினாள்.

“இத்தினி நாளா கொண்டாந்து கொண்டாந்து வெச்சியே, ஒரு நாளு உள்ள வந்து குந்தினியா? கொயந்த எப்டி கீதுன்னு ஒரு வார்த்த கேட்டியா? பிச்சக்காரிக்கு வெக்கிற மாறி வெச்சிட்டு வெச்சிட்டுப் போனியே!”

“நீ செவுத்துப் பக்கம் திருப்பிக்கின.”

“கிணத்தாண்ட ஏதோ ஒளறிட்டேன். அதுக்கு நீ நாலு திட்டு திட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். திட்டவும் இல்ல, கேக்கவும் இல்ல. தண்ணி வெக்கிற. எனக்கு பயமா இருக்காதா?”



“இப்ப கேக்கறேன்,” என்றேன்.

“குந்து.”

உட்கார்ந்தேன். முந்தானையை எடுத்துவிட்டுக் குழந்தையை என் கையில் வைத்தாள்.

“தலைய தாங்கிப் பிடி. தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“இப்டி. கய்த்துக்குக் கீய கைய குடு.”

அவள் காட்டினாள். நான் பிடித்தேன். குழந்தை கொழுந்தனை உரித்து வைத்திருந்தது. நெற்றியில் இருந்த மை மட்டும் பூசணிக்காய்க்கு வைப்பது போலப் பெரிசாக இருந்தது. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

சித்திரையில் டவுனிலிருந்து ஐயர் சைக்கிளில் வந்தார். எங்கள் சபைப் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அதைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தாய் யார் என்று கேட்டார். கொழுந்தன் பெண்டாட்டி முழங்கையால் என்னை முன்னே தள்ளினாள்.

“எங்க அக்காதான் ஐயரே. தண்ணி விஷயம்னா அதுதான் கரெக்டு.”

ஜெபவீடே சிரித்தது. கிணற்றடியில் சிரித்த அதே பெண்கள்தான். ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வெளியூர்க்காரர், படித்தவர். ஜெபத்தில் “தாழ்மையாய்” என்றார். அந்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்று அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டேன். நாக்கை உள்ளே மடித்துச் சொன்னார். அழகாகத்தான் இருந்தது.

தண்ணீர் தலையில் பட்டதும் குழந்தை கத்தியது. கத்திவிட்டு முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டது. நான் நிமிர்ந்து நின்றேன். அன்றைக்கு நிமிர்ந்தது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

வாய்க்காலில் இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கேள்வி. யாருக்குத் தாயாக இருந்தாய்? யாரிடம் இறங்கினாய்? சில நாள் ஒன்றுக்குப் பதில் இருக்கும். சில நாள் இரண்டுக்கும் இருக்காது.

அந்தக் குழந்தை இப்போது பெரியவளாகிச் செங்கல்பட்டில் படிக்கிறாள். ழ சுத்தமாகச் சொல்கிறாள். லீவுக்கு வந்தால் ஜெபவீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். வசனம் சொல்கிற முறை என்னிடம் வரும். நான் எப்போதும் அதையேதான் சொல்வேன். அவள் என் காதோரம் குனிவாள்.

“பெரிம்மா, தாய்மை இல்ல. தாழ்மை.”

“அத்தத்தான் நானும் சொன்னேன்.”