கொடுக்கும் உப்புக் கட்டியும்

கொடுக்கு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன்தான். வாயைத் திறந்தால் சுருக்கென்று ஏறும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து செம்மறி மேய்த்தாள். அந்த மந்தையை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். நான் சொல்லும் வருஷத்தில் அவளிடம் அறுபத்திரண்டு உருப்படிகள் இருந்தன. புல்வெளி அலுவலகத்தில் செடிகளைக் கணக்கெடுப்பது என் வேலை. ஒரு மீட்டர் மரச்சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

புதிதாக வந்த அதிகாரி, இளம் வயதுப் பெண், கொடுக்கின் மந்தை மேயும் குட்டைக்கரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். தரை மொட்டையாகக் கிடந்தது. சட்டத்துக்குள் நான்கே வகை. நான்கும் ஆடு வாய் வைக்காதவை.

"அக்கா, அடுத்த வருஷம் மேய்ச்சல் சீட்டு கிடையாது. மந்தையை வித்துடுங்க."

"வித்துட்டு? உங்க ஆபீஸ்ல வந்து நாற்காலி தேய்க்கவா?" என்றாள் கொடுக்கு. "ஆட்டை விரட்டினா எல்லாம் செழிச்சுடுமா? அந்த வேலிக்குள்ள போய்ப் பாருங்க."

புல்லைக் காக்க எங்கள் அலுவலகம் அந்த வேலி போட்டு ஏழு வருஷம். உள்ளே ஆடு போனதே இல்லை. மூவரும் போனோம். இடுப்பளவுக்கு ஒரே புல். விலக்கிச் சட்டத்தைப் போட்டேன். ஆறு வகை. மறுபடி எண்ணினேன், ஆறுதான். அடியில் வெயிலே விழாமல், பழைய சருகு மெத்தைபோல அப்பிக் கிடந்தது.

"பார்த்தீங்களா? ஒருத்தன் கொழுத்து, மத்தவங்களை எல்லாம் அமுக்கிட்டான்."

"சரிக்கா. இங்க ஆறு, உங்க கரையில நாலு. இதுல நீங்க எங்க ஜெயிச்சீங்க?"

கொடுக்கு முந்தானையை உதறிக்கொண்டு வேலியை விட்டு வெளியே நடந்தாள்.

திரும்பும் வழியில் அதிகாரி மேட்டைக் காட்டினார். "அங்க அவ்வளவு புல் இருக்கே, ஆடு ஏன் ஏறல?"

"எதுக்கு ஏறணும்? தண்ணியும் இங்க, உப்பும் இங்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

உப்பை நக்கினால் தாகமெடுக்கும் என்று, உப்புக் கட்டியைத் தண்ணீர் ஓரமாகவே வைத்து வந்தவள் அவள்தான். ஆடுகள் நக்கின, குடித்தன, அங்கேயே வேர்வரை கடித்தன, அங்கேயே படுத்தன.

"கயிறே இல்லாம நாந்தான் கட்டிப் போட்டிருக்கேன்," என்றாள்.

"ஒரு மழைக்காலம் தர்றேன். மாத்திக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

மறுநாள் கட்டியைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறினாள். மந்தை குட்டையருகே நின்று கத்தியது. இரண்டு நாள் அப்படியே. பிறகு ஒரு கிழட்டு ஆடு நாக்கைச் சுழற்றிக்கொண்டு மேலே ஏறியது; மற்றவை பின்தொடர்ந்தன. புல் கணுக்கால் உயரத்துக்கு இறங்கியதும் கட்டி அடுத்த சரிவுக்குப் போகும். மேய்ந்த இடத்துக்கு ஓய்வு.

"ஆடு மேய்க்கச் சொன்னா, உப்பை மேய்ச்சுக்கிட்டுத் திரியறா," என்றான் புருஷன்.

"உங்களை மேய்க்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

மழை ஓய்ந்ததும் கணக்கெடுத்தோம். அதிகாரியும் என்னோடு மண்டியிட்டு எண்ணினார். உயரப் புல் தாழ்ந்ததால் தரைக்கு வெயில் இறங்கியிருந்தது. குளம்பு கிளறிய மண்ணில் விதைகள் முளைத்திருந்தன. மஞ்சள் பூ, நீலப் பூ, தரையோடு படரும் கொடி, எனக்கே பெயர் தெரியாத இரண்டு. குட்டைக்கரையில் பதினொன்று. மேட்டுச் சரிவில் இருபத்துமூன்று.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே," என்றாள் கொடுக்கு.

"ஏன், சந்தேகமா?"

"கேக்க நல்லா இருக்கு."

அதிகாரி அங்கேயே, என் முதுகில் வைத்து மேய்ச்சல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு வேலிக் கதவு வரை நடந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தார்.

"இதுக்குள்ளயும் கொஞ்சம் மேய்ச்சுத் தர்றீங்களா?"

"விரட்டினவங்க கூப்பிடறீங்க. மரியாதையாக் கூப்பிடணும்."

"தயவுசெஞ்சு வாங்கக்கா."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் கொடுக்கு, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு.

அதற்குள் பாதி மந்தை உள்ளே போயிருந்தது.