செத்தவனின் கல்யாணம்

பேசாப்படக் காலத்தில், களுவாஞ்சிக்குடிக் கொட்டகையில் திரையருகே நின்று கதை சொல்வதுதான் அழகரத்தினத்தின் தொழில். சனம் கூச்சலிட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி எச்சரித்திருந்தார்.

ஒருநாள் படச்சுருள்கள் இடம் மாறிவிட்டன. போரில் செத்த வீரன் அடுத்த சுருளில் மணவறையில் சிரித்தான்.

"செத்தவனுக்கு ஆரு பொண்ணு குடுத்த?" என்று முன்வரிசைச் சீதேவிப்பிள்ளை கத்தினாள்.

"விதி முடிஞ்சதுதான்கா. பொண்ணு மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைச்சாள், எழும்பிட்டான்!" என்றார் அழகரத்தினம். கொட்டகையே கைதட்டியது.

மறுநாள் சீதேவிப்பிள்ளை ஊர்ப் பெண்களையெல்லாம் கூட்டி வந்தாள். சுருள்கள் சரியாக ஓடின. கல்யாணம் முதலில் முடிந்தது, வீரன் கடைசியில் செத்தான்.

"நேற்று எழுப்பின முருகன் இண்டைக்கு எங்க போனவர்?" என்று பெண்கள் கூச்சலிட்டார்கள்.

அழகரத்தினம் படம் ஓட்டுபவரிடம் ஓடினார். "அண்ணே, அந்தக் கல்யாணத்த இன்னொருக்காப் போடுங்க. இல்லாட்டி என்ட விதி முடிஞ்சிரும்!"